அடைமொழி பெற்றவர்களும் பெயரே பெறாதவர்களும்

 

இந்த உரை ஒரு ஆள் எழுதியது அல்ல. எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஆறு மாதம் பேசிப் பேசித் திரட்டியது. அதனால்தான் ‘நாங்கள்’ என்று பேசுகிறோம். யாருடைய நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ, அந்தத் தோழருக்குத் தன் பெயருக்கு முன்னால் பட்டம் போடுவது பிடிக்காது. அழைப்பிதழ் மெய்ப்பில் ‘எழுச்சி’, ‘புரட்சி’ என்று எதையாவது சேர்த்திருந்தால் சிவப்பு மையால் அடித்துவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புவார். பெயருக்கு முன்னால் ஒட்டும் சொல் எங்கிருந்து வருகிறது, யாருக்கு ஒட்டுகிறது, யாருக்கு ஒட்டுவதில்லை என்று அவரோடு வாதாடியிருக்கிறோம். அந்த வாதத்தைக் காவியங்களுக்குள் கொண்டுபோய்ப் பார்க்கலாம் என்றுதான் இந்தத் தலைப்பு.

கிரேக்கத்திலிருந்து தொடங்குகிறோம். ஹோமரின் இலியட்டில் 15,000 வரிகளுக்கு மேல் உண்டு. அதன் தலைமை வீரன் அக்கிலீஸ். அவனுக்கு ஓயாமல் வரும் அடைமொழி ‘விரைந்த கால்களை உடைய’ என்பது. முதல் காண்டத்திலேயே அரசன் அகமெம்னானோடு சண்டை போட்டுக்கொண்டு, போருக்கு வரமாட்டேன் என்று அக்கிலீஸ் கப்பல்களின் ஓரத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறான். அங்கே உட்கார்ந்திருப்பவனையும் கவிஞர் ‘விரைந்த கால்களை உடைய அக்கிலீஸ்’ என்றுதான் சொல்கிறார். கரையில் இழுத்துப் போட்டிருக்கும் கப்பல்களுக்கும் ‘விரைந்து செல்லும்’ என்ற அடைமொழி. ஓடாத காலும் ஓடாத கப்பலும் விரைகின்றன. இதைப் படித்த பல தலைமுறை அறிஞர்கள் நுட்பமான காரணங்களைத் தேடினார்கள். ஹோமர் தூங்கிவிட்டார் என்றவர்களும் உண்டு.

விடை சொன்னவர் மில்மன் பாரி என்ற அமெரிக்கர். 1928இல் பாரிசில் அவர் சமர்ப்பித்த ஆய்வு முழுக்க முழுக்க ஹோமரின் அடைமொழிகளைப் பற்றியது. யாப்பு படித்த மாணவர்களுக்கு அவர் சொன்னது எளிதில் விளங்கும். வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றில்தான் முடிய வேண்டும். எழுதுகிறவர் அந்த அளவுக்குச் சொல் தேடுகிறார். கிரேக்கப் பாடகனுக்கும் அதே கட்டாயம். அடியின் முடிவில் மிச்சமிருக்கும் இடம் சிறியதென்றால் ‘ஒளிமிக்க ஒடிசியஸ்’, கொஞ்சம் கூடுதலென்றால் ‘பல சூழ்ச்சி அறிந்த ஒடிசியஸ்’, இன்னும் பெரியதென்றால் ‘எத்தனையோ தாங்கிய ஒளிமிக்க ஒடிசியஸ்’. அக்கிலீசுக்கும் இதே மூன்று அளவில் மூன்று உண்டு. எழுதிவைத்து மனப்பாடம் செய்யாமல், கூட்டத்தின் முன்னால் நின்ற நிலையில் கட்டிப் பாடுகிறவனுக்கு இவை கையிருப்பு. ஒருவர் படைத்தவையும் அல்ல. தலைமுறை தலைமுறையாகப் பாடகர்கள் சேர்த்துவைத்தவை.

பாரி இதை நூலகத்தில் மட்டும் தேடவில்லை. 1933லும், பிறகு 1934-35லும் அன்றைய யூகோஸ்லாவியாவுக்குப் போய் கூஸ்லே என்ற ஒற்றை நரம்புக் கருவியை இசைத்துப் பாடும் பாடகர்களை ஒலித்தட்டில் பதிவு செய்தார். அவர்களில் மிகப் பெரியவர் அவ்தோ மெஜெதோவிச். தொழில் இறைச்சி வெட்டுவது. எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. 1935இல் அவர் சொல்லிக் கொடுத்த ஒரு கதைப்பாடல் 12,000 வரிகளைத் தாண்டியது. ஏறத்தாழ ஒடிசி அளவு. ஹோமர் எப்படிப் பாடியிருப்பார் என்று உலகத்துக்கு விளங்கவைத்தவர் ஒரு கசாப்புக்காரர். காவியம் என்றால் கற்றவர் சொத்து என்று நம் பாடப் புத்தகங்கள் இன்றும் எழுதுகின்றன. ஒடிசியிலேயே பாடகனை எந்த வரிசையில் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்: தச்சன், மருத்துவன், குறி சொல்பவன் ஆகியோரோடு, ஊருக்கு வேலை செய்கிறவர்களில் ஒருவனாக.

பாரி அந்த 1935ஆம் ஆண்டிலேயே 33 வயதில் இறந்துபோனார். அவருடைய மாணவர் ஆல்பர்ட் லார்ட் 1960இல் எழுதிய நூலால்தான் இந்தக் கொள்கை பரவியது. தமிழுக்கு இதைக் கொண்டுவந்தவர் ஈழத்துப் பேராசிரியர் க. கைலாசபதி. 1968இல் ஆங்கிலத்தில் வந்த அவருடைய நூல், சங்க வீரப் பாடல்களைக் கிரேக்க வீரப் பாடல்களோடு ஒப்பிட்டு, நம் பாடல்களிலும் இத்தகைய தொடர்கள் திரும்பத் திரும்ப வருவதைக் காட்டியது. சங்கப் பாடல்கள் வாய்மொழியாகப் பிறந்தவையா, எழுத்தில் பிறந்தவையா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அதற்குள் போனால் பொழுது போய்விடும்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. அடைமொழியில் இரண்டு வகை உண்டு என்று பாரி பிரித்தார். ஒன்று அந்த இடத்துப் பொருளுக்காக வருவது. மற்றது பொருளைப் பிரித்துக் காட்டாமல் அழகுக்காகப் பெயரோடு ஒட்டிக்கொண்டே வருவது. இந்தப் பிரிவுக்கு வெகு அருகில் தொல்காப்பியர் எப்போதோ வந்துவிட்டார். சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் ஒரு விதி இருக்கிறது: தன் இனத்தில் வேறொன்றைச் சுட்டிப் பிரிக்காத அடையைப் பெயரோடு சேர்ப்பது உலக வழக்குக்கு உரியதல்ல, செய்யுளுக்கே உரியது. செந்தாமரை என்றால் வெண்டாமரை ஒன்று இருக்கிறது. அங்கே ‘செம்மை’ பிரித்துக் காட்டுகிறது. செஞ்ஞாயிறு என்றால் கருஞாயிறு என்று எதுவும் இல்லை. அங்கே ‘செம்மை’ வெறும் அழகு. முன்னதை இனமுள்ள அடை என்றும் பின்னதை இனமில்லா அடை என்றும் பள்ளியில் படித்திருப்பீர்கள். அக்கிலீசின் விரைந்த கால்கள் இனமில்லா அடை. இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அப்படியானால் இது வெறும் யாப்புச் சங்கதிதானே, இதில் அரசியல் என்ன என்று எங்கள் வட்டத்திலேயே ஒரு மாணவி கேட்டார். நியாயமான கேள்வி. பதிலை ஏகிஸ்தசிடம் தேடினோம்.

ஏகிஸ்தஸ் அகமெம்னானின் மனைவியை வசப்படுத்தியவன். போரிலிருந்து திரும்பிய அகமெம்னானை விருந்துக்கு அழைத்துக் கொன்றவன். ஒடிசியின் தொடக்கத்தில் தெய்வங்களின் தலைவன் சீயஸ், மனிதர்கள் தங்கள் குற்றத்தாலேயே அழிகிறார்கள் என்பதற்கு இவனைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்லப் போகிறான். அப்படிச் சொல்வதற்குச் சில வரிகள் முன்னால் கவிஞர் இவனுக்குக் கொடுக்கும் அடைமொழி, மரபாகப் பொருள்கொண்டுவந்தபடி, ‘குற்றமற்ற’ என்பது! குற்றமற்ற ஏகிஸ்தஸ். அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு ‘அழகிய’ என்றோ ‘உயர்குடிப் பிறந்த’ என்றோ பொருள் கொள்ள வேண்டும் என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். எந்தப் பொருள் கொண்டாலும் நமக்குக் கிடைப்பது ஒன்றுதான். உயர்ந்த குடியில் பிறந்தவனுக்கு நல்ல அடைமொழி தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. செய்த காரியம் அதை அசைப்பதில்லை.

இதைப் படித்த அன்று எங்கள் வட்டத்தில் எல்லாருக்கும் ஒரே ஊர் நினைவுக்கு வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலி கேட்டதும் சங்கம் வைத்ததும் குற்றம். கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்றை நீங்கள் அறிவீர்கள். இவர்கள் பெரிய நிலச்சொந்தக்காரர்கள், கார் வைத்திருக்கும் அளவுக்கு வசதியானவர்கள், இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அந்தக் காரணம். மிராசுதார் என்ற சொல் அங்கே அக்கிலீசின் கால் போலத்தான் இருந்தது. நிலத்தின் அளவைச் சொன்ன சொல், ஆளின் நடத்தைக்குச் சான்றிதழாகிவிட்டது. யாப்புக்காக வந்த அடைமொழி யாரையும் கொன்றதில்லை என்பது உண்மை. ஆனால் பல நூறு ஆண்டுகள் காதில் விழுந்து பழகிய சொல் நீதிமன்றப் படியேறும்போது அதன் எடை வேறு.

அடைமொழி இல்லாதவனிடம் வருவோம். இலியட்டின் இரண்டாம் காண்டத்தில் தெர்சைட்டீஸ் என்று ஒருவன் எழுந்து பேசுகிறான். அந்தக் காவியத்தில் சாவதற்கென்றே ஒரு வரியில் வந்து போகும் சில்லறை வீரனுக்குக்கூடப் பெரும்பாலும் தகப்பன் பெயர் உண்டு, ஊர் உண்டு. தெர்சைட்டீசுக்குத் தகப்பன் பெயரும் சொல்லப்படவில்லை, ஊரும் சொல்லப்படவில்லை. அவனுக்குக் கிடைப்பது உடல் வர்ணனை: வளைந்த கால், ஒரு கால் நொண்டி, கூனி மார்போடு ஒட்டிய தோள், கூம்பிய தலை, அதில் அங்கங்கே நாலு முடி, அளவில்லாத வாய். டிராய்க்கு வந்தவர்களிலேயே அழகில்லாதவன் அவன்தானாம்.

அவன் பேசியது என்ன? போரில் நாங்கள் பிடித்துக் கொடுப்பதையெல்லாம் நீ கூடாரத்தில் குவித்துக்கொள்கிறாய், இன்னும் உனக்கு என்ன வேண்டும், வாருங்கள் ஊருக்குத் திரும்புவோம், இவன் இங்கேயே கிடக்கட்டும் என்று அகமெம்னானைப் பார்த்துக் கேட்டான். முதல் காண்டத்தில் அக்கிலீஸ் கேட்டதும் பெரும்பாலும் இதுதான். அதே பேச்சை அக்கிலீஸ் பேசினால் காவியத்தின் கரு. தெர்சைட்டீஸ் பேசினால் ஒடிசியஸ் செங்கோலால் முதுகில் அடிக்கிறான், தோல் தடித்து வீங்குகிறது, அவன் கண்ணீரைத் துடைத்துக்கொள்கிறான், சுற்றியிருந்த படைவீரர்கள் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பைத்தான் நாங்கள் நெடுநேரம் பேசினோம். சிரித்தவர்களும் கூலிப் பங்குக்காரர்கள்தான்.

எங்கள் ஊகம் இது. பாரி சொன்னபடி அடைமொழி என்பது சேமிப்பு என்றால், பலமுறை பாடப்பட்டவர்களுக்குத்தான் சேமிப்பு இருக்கும். தெர்சைட்டீஸ் ஒரே ஒரு முறை வருகிறான். அவனைப் போன்றவர்களை யாரும் தலைமுறைக் கணக்கில் பாடி வைக்கவில்லை. கையிருப்பில் எதுவும் இல்லாததால் கவிஞர் அவன் உடம்பிலிருந்து சொல் எடுத்துக்கொண்டார். நம் ஊர்த் தெருவிலும் இப்படித்தான். பெரிய வீட்டுக்காரருக்குத் தாத்தா காலத்துப் பட்டம் இருக்கும். சேரிக்காரருக்கு ‘நொண்டி’, ‘கருவாயன்’, ‘ஒத்தக்கண்ணு’. பெயரின் முடிவில் ‘சாமி’ இருந்தால் ஊர்வாயில் அது கழன்று விழுந்துவிடும். அறுபது வயதுக்காரரையும் ‘டேய்’ போட்டுக் கூப்பிடும் பத்து வயதுப் பையன்களை இங்கே வந்திருக்கும் அய்யாக்கள் அறிவார்கள்.

பெண்களின் நிலையும் பெரிதாக வேறல்ல. அக்கிலீசும் அகமெம்னானும் அடித்துக்கொள்வது பிரிசேயிஸ் என்ற பெண்ணுக்காக. பிரிசேயிஸ் என்றால் பிரிசியசின் மகள், அவ்வளவுதான். தகப்பன் பெயரே பெயர். அடைமொழி ‘அழகிய கன்னத்தாள்’. ஒரே ஓர் இடம் எங்களுக்குப் பிடித்திருந்தது. ஒடிசியில் அரசி பெனலோப்பி கருவூல அறையின் சாவியை எடுக்கும்போது ‘தடித்த கையால்’ எடுத்தாள் என்று வருகிறது. வீரர்கள் ஆயுதம் பிடிக்கும்போது வரும் தொடர் அது. யாப்புக்குப் பொருந்தியதால் அரசிக்கும் வந்துவிட்டது. உரையாசிரியர்கள் சங்கடப்பட்டார்கள். நாற்று நட்டுக் காய்த்துப்போன கைகளோடு எங்கள் வட்டத்துக்கு வரும் அம்மா ஒருவர், இதில் என்ன சங்கடம், கை என்றால் தடித்துத்தானே இருக்கும் என்றார்.

இதற்கெல்லாம் மாறாக ஒருவன் இருக்கிறான். யூமேயஸ், ஒடிசியசின் பன்றி மேய்க்கும் அடிமை. அவனுக்குக் கவிஞர் கொடுக்கும் அடைமொழி ‘ஒளிமிக்க’, தெய்வத்தன்மை உடைய என்று பொருள் தருவது. ஒடிசியசுக்குச் சொல்லும் அதே சொல், அடியின் முடிவில் அதே அளவு இடம். ‘ஒளிமிக்க ஒடிசியஸ்’ இருக்கும் அச்சில் ‘ஒளிமிக்க பன்றி மேய்ப்பன்’ கச்சிதமாக உட்கார்கிறது. இன்னொன்றும் உண்டு. கவிஞர் அவனைப் பற்றிப் பேசும்போது பலமுறை படர்க்கையை விட்டுவிட்டு முன்னிலைக்கு வந்து, ‘அதற்கு நீ விடை சொன்னாய், யூமேயஸ்’ என்ற பாங்கில் நேராக அவனோடு பேசுகிறார். ஒடிசியில் வேறு எவருக்கும் இந்த நெருக்கம் இல்லை. பன்றி வளர்ப்பதைச் சொல்லியே நம்மில் ஒரு பகுதியினரைத் தள்ளிவைத்திருக்கும் நாட்டிலிருந்து படிக்கும்போது மனம் நெகிழத்தான் செய்கிறது.

நெகிழ்ந்துவிட்டுப் பதினைந்தாம் காண்டத்துக்குப் போனால் யூமேயஸ் தன் கதையைச் சொல்கிறான். அவன் பிறவி அடிமை இல்லையாம். ஒரு தீவின் அரசன் மகனாம். குழந்தையாக இருந்தபோது பினீசிய வணிகர்களால் கடத்தப்பட்டு விற்கப்பட்டவனாம். நம் ஊர்க் கதைப்பாடல்களைக் கேட்டவர்களுக்கு இந்த இடம் நன்றாகத் தெரியும். மதுரைவீரனைத் தெய்வமாகக் கும்பிடும் அருந்ததியர் மக்கள் பாடும் கதையிலேயே, காசி ராசாவுக்குப் பிறந்து காட்டில் விடப்பட்டவன் என்ற வடிவம் பரவியிருக்கிறது, வளர்த்தவர்கள்தான் அருந்ததியர். முத்துப்பட்டன் கதையில் பிராமணன் முத்துப்பட்டன் மணந்துகொண்ட பொம்மக்காவும் திம்மக்காவும் சக்கிலியர் வீட்டுப் பெண்கள்; ஆனால் ஒரு வடிவத்தில் அவர்களும் பிராமணக் குழந்தைகளாகப் பிறந்து எடுத்து வளர்க்கப்பட்டவர்களாகிவிடுகிறார்கள். வீரத்தையும் அழகையும் மறுக்க முடியாதபோது பிறப்பை மாற்றிவிடுவது என்ற இந்த வேலை கிரேக்கத்திலும் நடந்திருக்கிறது, நெல்லைச் சீமையிலும் நடந்திருக்கிறது.

மகாபாரதத்தின் கர்ணனும் இந்த வரிசைதான். அவனுக்கு வைகர்த்தனன், ராதேயன், அங்கராசன் என்று அடைமொழிகளும் பெயர்களும் பல. எல்லாவற்றையும் தாண்டி நிற்பது ‘சூதபுத்திரன்’, தேரோட்டி மகன். ஆயுதப் போட்டி அரங்கில் வளர்ப்புத் தந்தை அதிரதன் வியர்வையோடு ஓடிவந்து மகனைக் கட்டிக்கொண்டதும், உனக்கு வில் எதற்கு, சாட்டையை எடு என்கிற பொருளில் பீமன் ஏளனம் செய்கிறான். அது வசை, எவருக்கும் தெரியும். ஆனால் வசை இல்லாத இடத்திலும், கதை சாதாரணமாக நகரும் இடத்திலும், அவன் சூதபுத்திரனாகவே நகர்கிறான். அவன் குந்தியின் மகன் என்பது கேட்பவர்களுக்குத் தெரிந்த பிறகும்தான். பீமன் வாயில் வந்தால் முகம் சுளிக்கிறோம். கதைசொல்லி வாயில் அமைதியாக வரும்போது கவனிப்பதே இல்லை. எங்களுக்கு இரண்டாவதுதான் அதிக அச்சம் தருகிறது.

அந்தக் கதைசொல்லி யார் என்று பார்த்தால் இன்னும் வேதனை. குருட்டு அரசனுக்குப் போர்க்களக் காட்சிகளை உரைக்கும் சஞ்சயன் ஒரு சூதன். நைமிசாரண்யத்தில் முனிவர்களுக்கு மகாபாரதம் முழுவதையும் சொல்கிற உக்கிரசிரவசுக்கு ‘சௌதி’ என்று பெயர். சூதன் மகன் என்று பொருள். தேரோட்டுவதும் அரசர் புகழ் பாடுவதும் சூதர் தொழில். மனுநீதி அவர்களைச் சத்திரியத் தந்தைக்கும் பிராமணத் தாய்க்கும் பிறந்த கலப்பினம் என்று கீழே வைக்கிறது. ஆக, சூதர்கள் சேமித்து, சூதர்கள் பாடிப் பரப்பிய கதையில்தான் சூதபுத்திரன் என்ற சொல் இழிவாயிற்று. சொல்லைச் சுமந்தவர்களும் அவர்கள், சொல்லால் அடிபட்டவர்களும் அவர்கள்.

1964இல் வந்த ‘கர்ணன்’ படத்தைப் பார்த்து அழாத வீடு இல்லை. அந்த அழுகையில் பாதி, ‘அய்யோ, உண்மையில் இவன் சத்திரியன் ஆயிற்றே’ என்பதற்காக. தேரோட்டி மகனாகவே பிறந்து தேரோட்டி மகனாகவே செத்த ஒருவனுக்காக அப்படி அழுவார்களா? 2021இல் மாரி செல்வராஜ் அதே பெயரை எடுத்து, ஒளித்து வைத்த சத்திரியப் பிறப்பு எதுவும் இல்லாத ஒரு கிராமத்து இளைஞனுக்கு வைத்தார். கதையைப் பற்றி எங்களுக்குள் வேறு கருத்துகள் உண்டு, ஆனால் அந்தப் பெயர் வைப்பு எங்களுக்கு நிறைவாக இருந்தது.

அர்ச்சுனனுக்கு விராட பருவத்தில் பத்துப் பெயர்கள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. தனஞ்செயன், விசயன், சவ்யசாசி, கிரீடி என்று ஒவ்வொன்றுக்கும் காரணத்தை அவனே விளக்குகிறான். ஏகலைவனோ நிசாத அரசன் இரணியதனுசின் மகன். அவனும் அரசகுமாரன்தான், ஆனால் அவனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் நிசாதன் என்ற குலப்பெயர். வலக்கைக் கட்டைவிரல் போன பிறகு வில்லாளிக்குரிய அடைமொழி எதுவும் அவனுக்குத் தேவைப்படாமல் போய்விட்டது.

ஆனாலும் ஏகலைவனுக்குப் பெயராவது இருக்கிறது. அரக்கு மாளிகைக்கு வாருங்கள். பாண்டவர்களையும் குந்தியையும் எரித்துக் கொல்லத் துரியோதனன் கட்டிய மாளிகை. குந்தி அன்று ஒரு விருந்து வைக்கிறாள். ஒரு நிசாதப் பெண் தன் ஐந்து மகன்களோடு சாப்பிட வருகிறாள். சாப்பிட்டுக் குடித்து மயங்கி அங்கேயே தூங்கிவிடுகிறார்கள். பீமன் தீ வைக்கிறான், பாண்டவர்கள் சுரங்கம் வழியே தப்பிக்கிறார்கள். காலையில் சாம்பலில் கிடந்த ஒரு பெண்ணும் ஐந்து ஆண்களும் குந்தியும் பாண்டவர்களும்தான் என்று ஊர் நம்பி அழுகிறது. அந்த அம்மாவுக்குக் காவியத்தில் பெயர் இல்லை. ஐந்து மகன்களுக்கும் இல்லை. ஒரு லட்சம் சுலோகம் என்று பெருமை பேசும் நூலில், வீரர்களின் குதிரைக்கும் சங்குக்கும் வில்லுக்கும்கூடப் பெயர் இருக்கும் நூலில், அந்த ஆறு பேருக்குப் பெயர் வைக்க இடம் இல்லை. மகாசுவேதா தேவி இதை மறக்கவில்லை. கடைசிக் காலத்தில் காட்டிலிருக்கும் குந்தியின் முன்னால் ஒரு நிசாதப் பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தி, இந்த ஆறு சாவுக்குக் கணக்குக் கேட்கவைத்துக் கதை எழுதினார். மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும்.

அடைமொழியை நம் முன்னோர்கள் எப்படி எதிர்கொண்டார்கள் என்பதற்கு வருகிறோம். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் பத்திரிகை தொடங்கியபோது அதற்கு ‘பறையன்’ என்றே பெயர் வைத்தார். வசையாக வீசப்பட்ட சொல்லை எடுத்துத் தலைப்பெழுத்தில் அச்சடித்தார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ எதிர்த்திசையில் போனது. அந்தச் சொல்லே நம்முடையதல்ல, பிறர் சுமத்தியது என்பது அவர் நிலை. இருவரில் யார் சரி என்று இன்றும் நம் கூட்டங்களில் சண்டை நடக்கிறது, நடக்கட்டும். 1922இல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதில் ஆதிதிராவிடர் என்ற பெயரை அரசு ஆவணங்களில் ஏறச்செய்தார். காந்தியார் ‘அரிசன்’ என்று வைத்தபோது, 1938இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் அந்தச் சொல்லைச் சட்டத்தில் சேர்ப்பதை எதிர்த்து அம்பேத்கரும் அவர் கட்சியினரும் வெளிநடப்புச் செய்தார்கள். கடவுளின் மக்கள் என்பது எவ்வளவு உயர்ந்த அடைமொழி, அதை ஏன் மறுக்க வேண்டும் என்று அன்று கேட்டவர்களுக்கு யூமேயஸ் கதையைச் சொல்லலாம். தெய்வத்தன்மை உடைய பன்றி மேய்ப்பன் ஒடிசி முடியும்வரை அடிமைதான். அடைமொழி கொடுக்க எசமானுக்குக் காசு செலவாவதில்லை.

இந்த இடத்தில் தொல்காப்பியரின் பிரிவு தேவைப்படுகிறது. ‘தலித் கவிஞர்’ என்கிறார்கள். இது இனமுள்ள அடை. தாமரையில் செந்தாமரையைப் பிரிப்பதுபோல் கவிஞரில் ஒரு வகையைப் பிரிக்கிறது. ஆனால் வெண்டாமரை எங்கே? மற்றவர்களை ‘முதலியார் கவிஞர்’, ‘அய்யர் கவிஞர்’ என்று எந்த இதழும் எழுதுவதில்லை. அவர்கள் வெறும் ‘கவிஞர்’. அவர்களுக்கு அடை வந்தால் ‘மூத்த’, ‘நுண்மையான’, ‘தேர்ந்த’ என்று இனமில்லா அடைதான், செஞ்ஞாயிறு மாதிரி. இதனால் தலித் என்ற சொல்லை விட்டுவிடலாம் என்று எங்கள் வட்டத்தில் சில தோழர்கள் சொன்னார்கள். பெரும்பான்மைக் கருத்து வேறு. 1972இல் பம்பாயில் தலித் பாந்தர்கள் எழுந்தபோது அது பிறர் ஒட்டிய சீட்டாக இல்லை, அவர்களே எடுத்து அணிந்த சொல். அதை நாம் போட்டுக்கொள்வதும், பதிப்பகத்துக்காரர் நம் புத்தகத்தின் முதுகில் போடுவதும் ஒன்றல்ல. நாம் கேட்க வேண்டியது மற்றவர்களின் அடைமொழியை. சாதி எழுதப்படாத இடத்தில் எந்தச் சாதி இருக்கிறது என்பதைக் கேட்க வேண்டும்.

மராட்டியத்தில் வாமன்தாதா கர்டக் போன்ற பாடகர்கள் பீமராவ் அம்பேத்கரைப் பாடிப் பாடி, ஒரு காவியத் தலைவனுக்குரிய அடைமொழிக் கையிருப்பையே உருவாக்கிவிட்டார்கள். சட்டமும் பேனாவும் கோட்டும் அங்கே வில்லும் தேரும் ஆயின. இங்கே நம் வீடுகளில் அந்த வேலையை வெகுகாலமாகச் செய்துவருகிறவர்கள் ஒப்பாரி பாடும் பெண்கள். ஊர் ஒருநாளும் ‘வாங்க’ என்று சொல்லாத மனிதரை, சாவு வீட்டில் அவர் மனைவி ராசாவே என்கிறாள், தங்க ரதமே என்கிறாள். அந்த அடைமொழிகள் பொய் என்று சொல்லிவிடலாம். அக்கிலீசின் கால் அளவுக்குத்தான் அவையும் பொய். எந்தச் சொல் எந்தச் சந்தத்தில் உட்காரும், அண்ணனுக்கு எது, கணவனுக்கு எது, பெற்ற பிள்ளைக்கு எது என்று அந்த அம்மாக்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பாரி கிரேக்கத்தில் தேடிய கணக்கு அதுதான். அதை நம் மாணவர்கள் இன்னும் முறையாகத் தேடவில்லை.

அதனால் ஒரு வேலை வைத்திருக்கிறோம். வரும் கோடை விடுமுறையில் இந்த மாவட்டத்தின் சேரிகளில் ஒப்பாரியும் கதைப்பாடலும் பாடுகிறவர்களைப் பதிவு செய்யப் போகிறோம். கைப்பேசி போதும். பதிவில் முதலில் வர வேண்டியது பாட்டு அல்ல. பாடுகிறவரின் முழுப்பெயர், அவர் விரும்பும் மரியாதையோடு. வயது, என்ன வேலை பார்த்தார், யாரிடம் கற்றார், கற்றுக்கொடுத்தவரின் பெயர். பாரியின் குழு பாடகர்களிடம் இதையெல்லாம் உட்கார்ந்து கேட்டுப் பதிந்தது. அதனால்தான் அவ்தோவின் பெயர் நமக்குத் தெரிகிறது. நம் பழைய தொகுப்புகள் பலவற்றில் ‘ஒரு மூதாட்டி பாடியது’ என்று மட்டும் இருக்கிறது. அந்தத் தொகுப்புகளில் உள்ள ஊர்களின் பட்டியலை எடுத்துவைத்திருக்கிறோம். அந்த ஊர்களுக்குப் போகிறவர்கள், அந்த மூதாட்டிகளின் பேரப்பிள்ளைகள் இருந்தால், பாட்டியின் பெயரைக் கேட்டு எழுதி வர வேண்டும். பெயர் கொடுப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசலில் உள்ள நோட்டில் எழுதலாம்.